கல்யாணப் பத்திரிகைத் தங்கம்

அந்தக் காலண்டரையே பார்த்துக்கிட்டு இருக்காதீங்க அக்கா. இந்தப் பக்கம் திரும்புங்க. வந்து உட்கார்ந்ததுலேருந்து கவனிக்கிறேன், உள்ளே வர்ற அத்தனை பேரும் முதல்ல டோக்கன் வாங்குறாங்க, அடுத்து அந்தச் சுவரைப் பார்த்து வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கிறாங்க. பாதி மூஞ்சி தங்கம், பாதி மூஞ்சி வெறும் மூஞ்சி. ஊர் பூரா மாட்டினது போதாதுன்னு தோல் டாக்டர் வீட்டுச் சுவருலயும் கொண்டாந்து மாட்டியிருக்கானுங்க பாருங்க. எனக்கு அதுதான் குமட்டுது.

ஏன்னு கேக்குறீங்களா? அந்த மூஞ்சியைச் செஞ்சவ நான்தான்.

நம்பமாட்டீங்க. கீழே பொடி எழுத்துல போட்டோ எடுத்தவன் பேரு இருக்கும், மேற்பார்வைக்கு வந்த மெட்ராஸ்காரன் பேரு இருக்கும், அச்சடிச்ச பிரஸ்ஸோட பேரு ஃபோன் நம்பரோட இருக்கும். என் பேரு இருக்காது. முனீஸ்வரி, சிவகாசின்னு முழுசாப் போடணும்னு பேசும்போதே சொன்னேன். மாடு மாதிரித் தலையை ஆட்டுனானுங்க. காலண்டர் வந்த அன்னிக்கு அதைப் பார்த்துட்டு நான் போட்ட சத்தத்துல போட்டோ எடுத்த செல்லப்பாண்டி ஸ்டூடியோ ஷட்டரைப் பாதி இறக்கிட்டான். இப்ப யோசிச்சா, பேரு இல்லாததும் நல்லதுக்குத்தான்னு தோணுது. அதை விடுங்க.

உங்களுக்குக் காலுலயா? வெடிப்பா? அது சரியாப் போயிரும். எனக்குக் கையில. இல்லையில்லை, முந்தானையை எடுக்க மாட்டேன். காலையில சாப்பிட்டதை நீங்க வெளிய எடுத்துருவீங்க. எனக்கே பார்க்கச் சகிக்கலை.

டோக்கன் எத்தனை உங்களுக்கு? இருபத்திமூணா? பாவம். எனக்கு முப்பத்தொண்ணு குடுத்தா அந்தப் பிள்ளை. முதல் பஸ்ஸுல ஏறி வர்றேன், சர்க்கரை இருக்கு, மயக்கம் போட்டு விழுந்தா நீதான் தூக்கணும், அது இதுன்னு பேசிப் பத்தொன்பதாக்கிட்டேன். சர்க்கரையெல்லாம் எனக்கு இல்லை. பேசுனாத்தானே கிடைக்குது. எட்டு வயசுல தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டப் போனவ நான். பசிக்குப் பிள்ளைங்க பசையைத் தின்னுருமின்னு அதுல மயில்துத்தம்ங்கிற விஷத்தைக் கலந்து வச்சிருப்பான். நான் அதையும் நக்கிப் பார்த்திருக்கேன். செத்தா போயிட்டேன்? ஒரு பார்லருல முடி கூட்டப் போயி, புருவத்துக்கு நூல் போடுறதை ஓரக்கண்ணால பார்த்தே கத்துக்கிட்டேன். எனக்கு எவளும் உட்காரவச்சுச் சொல்லிக் குடுக்கலை. இன்னிக்கு எங்க ஊருல பட்டாசுப் பெட்டி மேல சிரிக்கிற பொண்ணுங்கள்ல பாதி மூஞ்சி என் கை பட்ட மூஞ்சிதான்.

சரி, அந்தக் காலண்டர் கதைக்கு வர்றேன். ஒரு நகைக்கடைக்காரங்க சித்திரையிலேருந்து ஆறு தாள்ல காலண்டர் போடணும்னு வந்தாங்க. சாமி படம் வேண்டாமாம், ஆறு தாளுலயும் ஒரே பொண்ணோட மூஞ்சி, ஆறு விதமா. மெட்ராஸ்லேருந்து நிகில்னு ஒரு பையனை அனுப்பிவச்சாங்க. முப்பது வயசு இருக்கும். பரோட்டாவை ஸ்பூனால வெட்டித் தின்னான். பொண்ணோட தாடையைக் கையால தொடாம பேனாவால தூக்கித் தூக்கிப் பார்த்தான், சந்தையில ஆட்டுப் பல்லைப் பார்க்குற மாதிரி. எனக்கு அன்னிக்கே பிடிக்கலை.

பொண்ணு நான் கொண்டாந்தது. குருலட்சுமி. பத்தொன்பது வயசு. ஆத்தாளும் மகளும் பட்டாசு ஆபீசுல பெட்டி போடுற வேலை. அக்கா கல்யாணத்துக்குப் புருவம் எடுக்க என்கிட்ட வந்தா. நூலைப் பல்லுல கடிச்சபடியே சொன்னேன், “ஏ பிள்ள, இந்த முகத்தை வச்சுக்கிட்டு எதுக்குடி பெட்டி ஒட்டுறே? இந்த முகத்தை வச்சே நீ பொழைக்கலாம்.” சிரிச்சா. ஆத்தாகிட்டப் போயிச் சொல்லியிருக்கா. சுப்புத்தாய்ன்னு பேரு அவளுக்கு. மறுநாள் ஆத்தாளே வந்து, “நீங்க சொன்னா அனுப்புறேன்க்கா, உங்களை நம்பித்தான்”னா. நான் சொன்னேனா நம்பச் சொல்லி?

முதல் நாள் வறண்ட பூமி. முல்தானி மட்டியை முட்டை வெள்ளைக்கருவுல குழைச்சு மூஞ்சி பூராப் பூசி, ஹேர் டிரையரால காயவச்சு, “இப்பச் சிரிடி”ன்னேன். சிரிச்சா. தண்ணி வத்துன கம்மாக்குள்ள தரை வெடிக்குமே, அப்படி வெடிச்சுச்சு. முட்டை நாத்தத்துல செல்லப்பாண்டி கேமராவை விட்டுட்டு வெளிய ஓடிட்டான். அடுத்த நாள் மழை. தண்ணியைத் தெளிச்சா வழிஞ்சிரும். கிளிசரின்ல பன்னீரைக் கலந்து, ஊசி கழட்டுன சிரிஞ்சுல எடுத்துச் சொட்டுச் சொட்டா வச்சேன். அத்தனை விளக்குச் சூட்டுலயும் ஒரு சொட்டு இறங்கலை. அப்புறம் அறுவடை. கம்புத் தானியத்தை ஒவ்வொண்ணா இடுக்கியில எடுத்து, இமை ஒட்டுற பசையில தொட்டு, புருவத்துக்கு மேல வரிசையா ஒட்டணும். ஒண்ணு கோணினா எல்லாம் கோணிரும். மூணு மணி நேரம். அந்தப் பொண்ணு மூச்சைக்கூட எண்ணி எண்ணித்தான் விட்டா. நல்ல பொண்ணுதான், அதை நான் இல்லைன்னு சொல்லலை.

தங்கத்துல வந்துச்சு வினை. அட்சய திருதியைக்காக அதுதான் முதல் தாள். மெட்ராஸ்காரன் ஒரு வெளிநாட்டு டப்பா கொண்டாந்தான், சுண்டுவிரல் உசரம். உள்ளே தங்கப்பொடி. முகத்துக்குன்னே செஞ்சதாம். பூசுனேன். விளக்கைப் போட்டதும் காய்ஞ்சுபோன சந்தனம் மாதிரி இருந்துச்சு.

“ஏறலை மேடம்”ங்கிறான். “கோயில் கலசம் மாதிரி வேணும். பார்த்தாக் கண்ணு கூசணும்.”

“உன் டப்பாவுல இவ்வளவுதான் வரும் தம்பி.”

“அப்போ உங்களால முடியாதா?”

என்கிட்டயே கேக்குறான் பாருங்க, முடியாதான்னு. அரை மணி நேரம் குடுன்னு சொல்லிட்டுக் கீழே இறங்குனேன். ஸ்டூடியோவுக்குக் கீழேயே கல்யாணப் பத்திரிகை அடிக்கிற பிரஸ். தர்மர்னு ஒருத்தன், ஈர மை மேல தங்கப்பொடியைத் தூவிக்கிட்டிருந்தான். பத்திரிகையில பிள்ளையார் தகதகன்னு மின்னுறாரு. அதைப் பார்த்ததும் பிடிச்சுப்போச்சு.

“தர்மரு, அதுல ஒரு டப்பா குடு.”

“எதுக்குக்கா?”

“மூஞ்சிக்கு.”

“விளையாடாதீங்க. இது பித்தளைத் தூளு. வேர்வையோட பட்டா எங்களுக்கே கை பொத்துப்போகும். பாருங்க, உறை மாட்டிக்கிட்டுத்தான் தூவுறேன்.”

“பித்தளையில பொங்கிப் போட்டுத்தானேடா உங்க ஆத்தா உன்னைய வளர்த்தா.”

“அது பானைக்கா. இது தூளு.”

“உன் கை கல்யாணப் பொண்ணு கை மாதிரி மெத்துன்னு இருந்தா நான் என்ன செய்ய? உன் மகளுக்குச் சடங்கு எப்போ?”

“பங்குனியில.”

“அலங்காரம் என்னோடது. டப்பாவை எடு.”

எடுத்துக் குடுத்தான். அவன் மட்டும் யோக்கியனா? அவ்வளவு ஆகாதுன்னா குடுத்திருக்கக் கூடாதுல்ல. மூடியில இங்கிலீஷ்ல எறும்பு ஊர்ற மாதிரி ஏதோ எழுதியிருந்துச்சு. எறும்பு எழுத்தை எவ படிப்பா?

மாடிப்படியிலேயே நின்னு அந்த வெளிநாட்டுப் பொடியைக் காகிதத்துல கொட்டிட்டு, அதே டப்பாவுல இதை ரொப்பிக்கிட்டேன். ஏமாத்தணும்னு இல்லைக்கா. அந்தப் பையன் கேள்வி கேட்டே ஆளைக் கொல்லுவான், அதுக்குத்தான். தேங்கா எண்ணெயும் பசையும் விட்டு விரலாலேயே குழைச்சு, நெத்தி வகிட்டுலேருந்து தாடை வரைக்கும் நூல் பிடிச்ச மாதிரி ஒரு கோடு. இந்தப் பக்கம் தங்கம். அந்தப் பக்கம் வெறும் தோலு, ஒரு மை கூட இல்லை. விளக்கைப் போட்டானுங்க. மெட்ராஸ்காரன் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, “மேடம், நீங்க ஜீனியஸ்”ங்கிறான். பரோட்டா வாசனை அடிச்சுச்சு அவன்மேல.

பத்து நிமிசம் ஆகலை, அந்தப் பொண்ணு “அக்கா, எரியுது”ன்னா.

“எரியத்தான் செய்யும். தோடு போடக் காது குத்திக்கலையா?”

“கண்ணுக்குக் கீழ ரொம்ப எரியுதுக்கா.”

“வாயை ஆட்டாதேடி, வெடிச்சிரும்.”

அதுக்கப்புறம் அவ வாயே திறக்கலை. ரெண்டு மணி நேரம். கண்ணுலேருந்து தண்ணி மட்டும் வந்துச்சு. அதையும் செல்லப்பாண்டி எடுத்தான். நல்லாப் பாருங்க காலண்டரை, தங்கக் கன்னத்துல ஒரு கோடு மாதிரி இறங்குதுல்ல? எல்லாரும் அதைத்தான் பிரமாதம்கிறாங்க. கிளிசரின் வச்சது இல்லைக்கா அது.

அந்த நேரம் பார்த்து மதுரையிலேருந்து ஒரு பட்டுக்கடைக்காரர் வேற வேலையா ஸ்டூடியோவுக்கு வந்தவரு, நின்னு பார்த்துட்டு, “ஆடிக்கு எங்க பேனர்ல இந்தப் பொண்ணுதான். ஆனி கடைசியில படம் எடுப்போம்”னு சொல்லிட்டுப் போனாரு. ஒரு வருச ஒப்பந்தம். அந்தப் பொடி இல்லேன்னா அந்த மனுசன் திரும்பியே பார்த்திருக்க மாட்டாரு. அதை ஒருத்தராவது சொல்றாங்களா? சொல்ல மாட்டாங்க. நன்றி கெட்ட ஊரு.

கழுவும்போது போகலை. ஈரத் துண்டால தேய்க்கத் தேய்க்க உள்ளேதான் போச்சு. மறுநாள் காலையில மூஞ்சி ஒரு பக்கம் மட்டும் வீங்கிப்போச்சாம். மூணாம் நாள் கொப்புளம். அப்புறம் தண்ணி வடிஞ்சுச்சு.

சுப்புத்தாய் வந்தா. நான் இடுப்பை வரிஞ்சு கட்டிக்கிட்டு நின்னேன். சண்டைக்கு வந்தா எனக்குப் பேசத் தெரியும். தெருவுல நின்னு மண்ணை வாரித் தூத்துவா, நானும் ரெண்டு மடங்கு தூத்துவேன், கடைசியில ஒரு இடத்துல வந்து நிப்போம். எத்தனை பேரைப் பார்த்திருக்கேன். இவ சண்டைக்கே வரலைக்கா. செருப்பை வெளிய கழட்டி விட்டுட்டு வந்து, கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறா.

“அக்கா, மதுரையில தோல் டாக்டருகிட்டக் காட்டுனோம். என்னத்தப் போட்டாங்கன்னு கேக்குறாரு. அதைத் தெரிஞ்சாத்தான் மருந்து சரியாக் குடுக்க முடியுமாம்.”

“அவ தலைக்கு என்ன போட்டாளோ, என்னத்தத் தின்னாளோ. சரி விடு, ஒரு வருசத்துக்கு பார்லருல எல்லாம் இலவசம்.”

“அது வேண்டாம்க்கா.”

“ஆஸ்பத்திரிச் செலவுல பாதி ஏத்துக்கிறேன்.”

“வேண்டாம்க்கா. பேரு மட்டும் சொல்லுங்க.”

“அவ கல்யாணத்துக்கு மூணு நாளும் அலங்காரம் நான் பண்றேன். எவளும் பண்ண மாட்டா, மூணு நாளு.”

“இந்த முகத்தை வச்சுத்தான் அவ பொழைக்கணும்னு நீங்கதானேக்கா சொன்னீங்க. என்ன போட்டீங்கன்னு மட்டும் சொல்லுங்க.”

இப்படி மூணு தடவை வந்தா. ஒண்ணுமே கேக்காதவகிட்ட எப்படிப் பேரம் பேசுறது? நீங்களே சொல்லுங்க. என் வாழ்நாள்ல இப்படி ஒரு பொம்பளையை நான் பார்த்ததில்லை. பிரஸ் தூளுன்னு சொல்லலாம்தான். மறுநாள் ஊர் பூராத் தெரிஞ்சிரும். முனீசு பத்திரிகைப் பொடியை மூஞ்சிக்குப் போடுறாளாம்னு ஒரு வார்த்தை வந்துச்சுன்னா எந்தக் கல்யாண வீட்டுக்காரி என்னைக் கூப்பிடுவா? முப்பது வருசம் நான் ஏறி வந்த படி அது. அதனால மூணாவது தடவை அந்த வெளிநாட்டு டப்பாவைக் கழுவித் துடைச்சுக் கையில குடுத்தேன். “இதான் போட்டது. டாக்டருகிட்டக் காட்டு”ன்னேன்.

பொய்யா அது? அந்த டப்பாவுலேருந்து எடுத்துத்தானே பூசுனேன்.

அவ அதை ரெண்டு கையாலயும் வாங்கி, கண்ணுல ஒத்திக்கிட்டு, “ரொம்ப நன்றிக்கா”ங்கிறா. விபூதி வாங்குற மாதிரி. அன்னிக்கு எனக்குச் சோறு இறங்கலை. அவ்வளவு அருவருப்பு. யார்மேலன்னு கேக்காதீங்க. அவமேலதான்.

டாக்டரு அந்த டப்பாவைப் படிச்சுப் பார்த்துட்டு, இதுல இப்படி வர வாய்ப்பே இல்லை, வெடிமருந்துதான் காரணமா இருக்கும், பட்டாசு வேலையை நிறுத்துன்னாராம். நிறுத்திட்டாங்க, ஆத்தாளும் மகளும். கத்திரிக்கா, கருவாடு எல்லாம் நிறுத்திட்டாங்க. சோப்பை மாத்திட்டாங்க. எதுக்கும் அது அடங்கலை. ஆறுற மாதிரி ஆறி, மறுபடி காதோரம், கழுத்து, தாடைன்னு படையா வருது. போன வாரம் பஸ் ஸ்டாண்டுல தூரத்துலேருந்து பார்த்தேன். கன்னத்தை மறைக்கப் பெரிய கவரிங் ஜிமிக்கி, கழுத்துல ரெண்டு சுத்துக் கவரிங் செயின். தலையாட்டுறப்போ ஜிமிக்கி கன்னத்துல உரசுது. இந்த நிலைமையிலயும் அலங்காரத்துக்குக் குறைச்சல் இல்லை பாருங்க.

நான் கவரிங் வளையலை எப்பவோ கழட்டி எறிஞ்சுட்டேன். போட்ட அஞ்சாவது நிமிசம் நெருப்பா எரியுது.

என் கை எப்படி ஆச்சுன்னுதானே? அவ நடிக்கிறான்னு நிரூபிக்கத்தான். தர்மரு டப்பாவுல மிச்சம் இருந்ததை எண்ணெய்ல குழைச்சு, இந்த இடது கையில முழங்கை வரைக்கும் பூசிக்கிட்டு ஒரு பகல் பூரா வேலை பார்த்தேன். துத்தம் நக்குன உடம்பு இது, என்ன செஞ்சுரும்னு. மூணு நாளு ஒண்ணுமில்லை. பார்த்தியான்னு கண்ணாடியைப் பார்த்துச் சிரிச்சேன். நாலாம் நாள் பொத்துக்கிச்சு. சரி, பாருங்க, ஆசைப்பட்டுட்டீங்க. மூக்கைப் பொத்திக்கங்க. இதுல பிரஷ்ஷைப் பிடிச்சாப் பொண்ணு வீட்டுக்காரங்க ரெண்டு அடி பின்னால போறாங்க. பின்னால போறதைக்கூடத் தாங்கிக்குவேன், சிரிச்சுக்கிட்டே போறாளுங்க, அதைத் தாங்க முடியலை.

மதுரையில வேற டாக்டர் இல்லையான்னா, இவருதான் கெட்டிக்காரருன்னு எல்லாரும் சொல்றாங்க. அந்த ஆத்தாளும் மகளும் இவருகிட்ட வர்றது வெள்ளிக்கிழமை. அதனாலதான் செவ்வாய்க்கிழமை பார்த்து வந்தேன். சுப்புத்தாய் என் பேரை இங்கே சொல்லியிருப்பா. அதனால சீட்டுல என் நாத்தனார் பேரைக் குடுத்துட்டேன். அவ பேரு இப்பிடியாவது ஒரு நல்லதுக்கு உதவட்டும்.

என்ன கேட்டீங்க? அந்தப் பொண்ணோட ஆத்தாகிட்டவும் இந்தத் தூளைச் சொல்லிட்டீங்களான்னா? அக்கா, நீங்க என்ன போலீஸா? கால் வெடிப்புக்கு வந்தா வெடிப்பைப் பாருங்க. கைத்தோல் வேற, முகத்தோல் வேற. அவ கேஸு வேற, என் கேஸு வேற. இங்கே பாருங்க, கோபப்படலை. உங்களுக்கு மக இருக்கான்னீங்கல்ல? கல்யாணத்துக்கு ஒரு ஃபோன் போடுங்க, மதுரைக்கே வந்து பண்ணிக் குடுக்கிறேன். நான் பேசுனது உங்களோட இருக்கட்டும். நீங்களும் சுப்புத்தாய் மாதிரியே பார்க்குறீங்க. அப்படிப் பார்க்காதீங்க.

அங்கே பாருங்க, அந்தப் பிள்ளை ரொம்ப நேரமாக் கத்துது. வசந்தா, வசந்தான்னு மூணு தடவை கூப்பிட்டாச்சு. எவளோ டோக்கனை வாங்கிட்டுக் காப்பி குடிக்கப் போயிட்டா போல. நேரம் தெரியாத சனங்க. நாம இத்தனை பேரு காத்துக்கிடக்கோம், கூப்பிட்டா வரவேண்டாம்?

பத்தொன்பதா? அட, நான்தான், நாத்தனார் பேருல்ல குடுத்தேன். வர்றேன்த்தா, வர்றேன், கத்தாதே.

அந்தப் பையை எடுங்கக்கா. பார்த்து, உள்ளே டப்பா இருக்கு. ஆமா, அதே டப்பாதான், தர்மரு குடுத்தது. மூடியோட கொண்டாந்திருக்கேன். உள்ளே போனதும் என்னத்தத் தொட்டீங்கன்னுதான் முதல்ல கேப்பாராம். கேக்கட்டும். மேசை மேல வச்சுருவேன், அந்த எறும்பு எழுத்தை அவரே படிச்சுக்கட்டும். டாக்டருகிட்டப் போயி யாராச்சும் மறைப்பாங்களா? மறைச்சா மருந்து மாறிப்போகும்ல. இந்தக் கையை வச்சுத்தான்க்கா நான் பொழைக்கணும்.